பன்னிரண்டு மணி நிழல்

மோட்டார் நின்று போயிருந்தால்கூட நம்புச்செல்வி அவ்வளவு பயந்திருக்க மாட்டாள். அது ஓடிக்கொண்டுதான் இருந்தது, தேர் நிலைக்குத் திரும்புகிற மாதிரி அத்தனை நிதானமாக. சேதுக்கனி விசைப்பிடியை முழுக்க முன்னால் தள்ளி, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தாள். வள்ளம் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. தலைக்கு மேலே கூரை முழுக்க சோலார் பேனல். அதன்மேல் உச்சி வெயில் கொட்டிக்கொண்டிருந்தது. அப்படியிருந்தும் மோட்டாருக்குக் கரண்ட் அளந்துவிடும் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"தலையை எண்ணுங்கடி!" என்று கத்தினாள் குருவம்மா. கடல்பாசி எடுக்கும் பெண்களில் அவள்தான் மூத்தவள், சங்கத் தலைவி.

புது வள்ளத்தில் அன்றுதான் முதல் நாள். பாசி பறிக்க இறங்கியவர்கள் பதினோரு பேர். நம்புவையும் சேர்த்து ஒன்பது பேர் வள்ளத்தில் ஏறிவிட்டார்கள். இரண்டு தலைகள் இன்னும் தண்ணீரில் இருந்தன. ஒன்று பக்கத்தில், கயிறு எட்டும் தூரத்தில் நீந்தி வந்துகொண்டிருந்தது. இன்னொன்று தூரத்தில். தீவுக்கும் பவளப்பாறைக்கும் நடுவே இருக்கிற ஓடைவாயில் மதியம் ஆனதும் நீவாடு, அந்த நீரோட்டம், வெளிக்கடல் பக்கம் இழுக்கும். அந்தத் தலை அதில் மாட்டிக்கொண்டு, பார்க்கப் பார்க்கச் சின்னதாகிக்கொண்டிருந்தது.

"தள்ளி இருக்கறது பூமயிலுதான். எப்பவும் அவதான் பின்தங்குவா," என்றாள் ஒருத்தி.

"பேசிக்கிட்டே இருந்தா எப்படி? ஓட்டு சேது, ஓட்டு!" என்றாள் குருவம்மா.

"ஓட்டத்தான் பெரியாத்தா செய்றேன். சார்ஜ் இல்லைங்குது. கரை சேர மட்டும்தான் இருக்குன்னு பிடிச்சு வச்சிருக்கு."

நம்பு சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது எரிந்தபோது மணி சரியாகப் பன்னிரண்டு. ஒரு நிமிடம் முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பேட்டரியில் சார்ஜ் இருக்கிறது. நிறைய இருக்கிறது. இந்த வள்ளத்தில் அது தெரிந்த ஒரே ஆள் அவள்தான். எப்படித் தெரியும் என்று யாராவது கேட்டால்?

வாயைத் திறக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

*

டீசல் போட்டுகளுக்குத் தடை வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. அந்தக் கரையில் ஒன்பது சோலார் வள்ளங்கள் ஓடின. பத்தாவதாக, பெண்களுக்கென்றே ஒரு வள்ளம் இந்த வருடம்தான் வந்தது. ஓட்டுவதற்குப் பயிற்சி எடுத்தவர்கள் இரண்டு பேர். பஞ்சவர்ணத்தின் மகள் நம்புச்செல்வியும், பஞ்சவர்ணத்தின் அக்கா மகள் சேதுக்கனியும். சேது ஏழு மாதம் மூத்தவள். அந்த ஏழு மாதத்துக்காக அவளை அக்கா என்று கூப்பிட நம்புவுக்கு நாக்கு வராது.

பயிற்சி கொடுத்த எட்வின் அண்ணன் பெட்டியைத் தட்டிக் காட்டிச் சொன்னது எல்லோருக்கும் நினைவிருந்தது. "இது பச்சப்புள்ள மாதிரிம்மா. மொத மாசம் கண்ண முழிச்சுப் பாத்துக்கிட்டே கெடக்கும். எத்தன மணிக்கு வெயில் வருது, எப்ப போகுது, எல்லாத்தயும் படிச்சுக்கும். அப்புறம் அதுவா கணக்குப் போட்டு, வீடு திரும்புறதுக்கு வேண்டிய சார்ஜ எடுத்து வச்சுக்கும். நீங்க மறந்தாலும் அது மறக்காது."

"எம்புட்டு இருக்குன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் பூமயில்.

"பச்ச, மஞ்ச, செவப்பு. அம்புட்டுத்தான். நம்பர் போட்டா ஒங்களுக்குக் குழப்பமாயிரும்னு கம்பெனி வைக்கல."

"நம்பரு எங்களுக்குக் குழப்பமா? பாசி எடைபோடுற யாவாரிகிட்ட வந்து கேளுங்க, யாருக்குக் குழப்பம்னு."

எட்வின் சிரித்து மழுப்பினான். "இன்னொன்னு. சாயந்தரம் கரையில கட்டுனதும் எல்லாப் பெட்டியும் ஒன்னோட ஒன்னு பேசிக்கிரும். ஒன்னு படிச்சத மத்தது தெரிஞ்சுக்கிரும்."

"அடி ஆத்தி, பொரணியா?" என்றாள் குருவம்மா. "நாங்க பேசுறது பத்தாதுன்னு இதுகளும் பேசப்போகுதாக்கும்."

தேர்வில் முதல் மதிப்பெண் நம்புவுக்குத்தான். ஆனால் யார் ஓட்டுவது என்று கம்பெனி முடிவு செய்யவில்லை, பெண்கள் முடிவு செய்தார்கள். கடலுக்கடியில் யாரை நம்பி இறங்குகிறார்களோ அவள் முன்னால் தங்கள் நீர்க்கண்ணாடியைக் கழற்றி வைப்பது அவர்கள் வழக்கம். சங்கக் கொட்டகையில் இரண்டு பெண்களையும் எதிரெதிரே உட்கார வைத்தார்கள். பத்துக் கண்ணாடிகள். சேது முன்னால் எட்டு, நம்பு முன்னால் இரண்டு. ஒன்பதாவதாக எழுந்த பஞ்சவர்ணம், நெற்றியில் இருந்த கண்ணாடியைக் கழற்றி, மகள் முகத்தைப் பார்க்காமல் சேதுவின் முன்னால் குனிந்து வைத்தாள்.

வீட்டுக்கு வந்து நம்பு சோற்றுத் தட்டைத் தள்ளினாள். "பெத்தவ நீயே வைக்கலன்னா வேற எவ வைப்பா?"

பஞ்சவர்ணம் மீன் ஆய்ந்துகொண்டே சொன்னாள். "கோவிச்சுக்காத. வள்ளத்துல நீ இருந்தா நீ ஒன்னயப் பாப்ப. அவ எங்களப் பாப்பா."

அம்மாவுக்குத் தலைவலி என்றால் தைலம் தேய்க்க வருவது சேது. அம்மா நல்ல மீனை எடுத்து வைப்பது சேதுவுக்கு. இப்போது வள்ளமும் சேதுவுக்கு. சேது எதையும் பிடுங்கவில்லை, தானாகவே அவள் கைக்கு வந்து சேர்கிறது. அதுதான் நம்புவால் தாங்க முடியாதது. பிடுங்கியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

பாசி எடுக்கக் கூடாத காலம் அது. புது வள்ளம் கரையில் சும்மா கட்டிக் கிடந்தது. தினமும் மதியம் பன்னிரண்டுக்கு, ஊர் சோற்றுக்கு அடங்குகிற நேரத்தில், நம்பு தன் ஈரச் சேலையை எடுத்துப் போய்ப் பேனல்மேல் விரித்தாள். இரண்டரை மணிக்கு எடுத்தாள். அந்தக் கரையில் எதன்மேலும் துணி காய்வது வழக்கம்தான், யாரும் ஏன் என்று கேட்கவில்லை. பேட்டரி சரியாக ஏறாது, முதல் நாளே வள்ளம் பாதி வழியில் இழுத்துக்கொள்ளும், பாசி பாதியாகத் திரும்பும், எல்லோரும் சேதுவைத் திட்டுவார்கள். அவ்வளவுதான் அவள் நினைத்தது. யாருக்கும் ஒன்றும் ஆகக் கூடாது. ஒரே ஒரு நாள் சேது திட்டு வாங்க வேண்டும். அம்மா வாயிலிருந்து.

ஒருநாள் மதியம் சேது தற்செயலாக அங்கே வந்துவிட்டாள். சேலையை உதறி மடித்து வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தாள். "காஞ்சிருச்சுடி. பேனல் மேல போடாத, சேலையில கறை ஒட்டிக்கிரும்."

சேலைக்காகக் கவலைப்பட்டாளே தவிர, பேனலுக்காக ஒரு வார்த்தை இல்லை. அந்த நல்ல குணம் நம்புவுக்கு நெருப்பை அள்ளிப் போட்ட மாதிரி இருந்தது. அதற்குப் பிறகும் பன்னிரண்டு நாள் விரித்தாள். மொத்தம் பத்தொன்பது நாள்.

காலை வெயிலிலேயே பேட்டரி நிறைந்துவிடும் என்று அவள் யோசிக்கவில்லை. பெட்டி உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறது என்பதையும், தேர்வில் முதல் மதிப்பெண் வாங்கியவள், யோசிக்கவில்லை.

*

இப்போது யோசித்தாள். பன்னிரண்டு மணிக்கு வெயில் போய்விடும் என்று இந்தப் பெட்டிக்கு அவள் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். எதிரே சூரியன் எரிந்தாலும் அது நம்பாது. சார்ஜை இறுக்கி முடிந்துகொண்டு உட்கார்ந்துவிட்டது.

மோட்டாருக்குப் பக்கத்தில் சீல் வைத்த சின்ன மூடி ஒன்று இருந்தது. அதற்குள் கை சுவிட்ச். அதைப் போட்டால் பெட்டியைத் தாண்டி மோட்டாருக்கு நேராகக் கரண்ட் போகும்.

"சீல ஒடைச்சா என்னத்தா?" என்றாள் குருவம்மா.

"செவப்பு எரியிறப்ப ஒடைச்சா மிச்சமும் தீந்துரும் பெரியாத்தா. நீவாடு எல்லாரையும் வெளிக்கடலுக்குக் கொண்டுபோயிரும். ஒம்பது பேரு இருக்கீங்க." சேது பேசிக்கொண்டே நங்கூரக் கயிற்றை இடுப்பில் கட்ட ஆரம்பித்தாள். "நான் நீந்திப் போறேன். கயித்த விட்டுக்கிட்டே இருங்க."

"கயிறு எட்டாதுடி!"

"எட்டுற வரைக்கும் விடுங்க."

நம்பு அப்போதும் பேசவில்லை. கிட்டே வருவது அம்மாதான். பூமயில் நன்றாக நீந்துவாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பூமயிலுக்கு இந்த ஓடைவாய் பழக்கம். பூமயில் பாறையைப் பிடித்துக்கொள்வாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் ஏதாவது போட்டு இந்தப் பக்கம் வரும். ஒரு நிமிடம் போனது. இரண்டாயிற்று. மூன்றும் ஆயிருக்கும்.

பக்கத்தில் நீந்தி வந்த தலை விளிம்பைப் பிடித்தது. இரண்டு பேர் தோளைப் பற்றித் தூக்கிப் போட்டார்கள். அவள் இருமிக்கொண்டே தலைத்துணியை அவிழ்த்து, கண்ணாடியைக் கழற்றினாள்.

பூமயில்.

"பஞ்சவர்ணம் அக்கா..." என்று மூச்சு வாங்கினாள் பூமயில். "என் காலு பாறையில மாட்டிக்கிருச்சு. அவதான் எடுத்துவிட்டா. அவள இழுத்துட்டுப் போயிருச்சு..."

நம்பு எழுந்தது அவளுக்கே தெரியாது. நங்கூரத்துக்குப் பாரமாக வைத்திருந்த கல்லை எடுத்து, மூடியின்மேல் ஒரே போடாகப் போட்டாள். சீல் தெறித்தது. விரலும் நசுங்கியது. சுவிட்சைத் தட்டினாள்.

வள்ளம் மூக்கைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தது. நின்றுகொண்டிருந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். சேது தாவி விசைப்பிடியைப் பிடித்தாள். ஒரே ஒரு முறை திரும்பி நம்புவைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. ஓட்டினாள்.

அலை உடைகிற இடத்துக்கு இரண்டு ஆள் நீளம் இந்தப் பக்கம் பஞ்சவர்ணத்தைப் பிடித்தார்கள். சேதுதான் குதித்தாள். தலைமுடியைப் பற்றி இழுத்து, தன் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். பாறை பஞ்சவர்ணத்தின் தொடையை நீளமாகக் கிழித்திருந்தது. வள்ளத்தின் தரையில் தண்ணீரோடு ரத்தம் கலந்து, பாசி மூட்டைகளுக்கு அடியில் ஓடியது. அவள் கண்ணைத் திறந்து, மேலே குனிந்திருந்த முகங்களில் ஒன்றைத் தேடினாள்.

"சேது," என்றாள்.

நம்பு தன் நசுங்கிய விரலை வாயில் வைத்துக்கொண்டு திரும்பிக்கொண்டாள்.

*

கரையில் அதற்குள் பெருங்கூட்டம். பஞ்சவர்ணத்தை வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய பிறகுதான் மற்றது தெரிந்தது. அன்றைக்குக் கடலில் இருந்த மற்ற ஒன்பது வள்ளங்களும் பன்னிரண்டு மணிக்கு அடி வைக்க மறுத்திருக்கின்றன. எட்டு எப்படியோ ஊர்ந்து வந்து சேர்ந்தன. சந்தியாகுவின் வள்ளத்தை மட்டும் நீவாடு பாறைமேல் தூக்கிப் போட்டுவிட்டது. அவர் நீந்திக் கரையேறி, சட்டையில்லாமல் மணலில் உட்கார்ந்திருந்தார். வள்ளம் இரண்டாகப் பிளந்து கிடந்தது.

மூன்று மணிக்கு எட்வின் வந்தான். பெட்டியைத் தன் போனோடு இணைத்து வெகுநேரம் பார்த்தான். நம்பு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் இதுலதான் ஆரம்பிச்சிருக்கு," என்று பெண்கள் வள்ளத்தைக் காட்டினான். "மத்த பெட்டிக மொதல்ல இத நம்பல. பத்தொன்பது நாளு ஒரே மாதிரி சொல்லவும், இந்தக் கரையில மத்தியானம் வெயிலே கெடையாதுன்னு அதுகளும் முடிவு பண்ணிருச்சு."

"மேல சூரியன் தெரியல அதுக்கு? கண்ணு அவிஞ்சா போச்சு?" என்றார் சந்தியாகு.

"அது வெயிலப் பாக்கலண்ணே, பழக்கத்தப் பாக்குது. ஒரு மேகம் வந்து போறதுக்கெல்லாம் ஏமாறக் கூடாதுன்னு அப்படிப் பண்ணி வச்சிருக்கு." போனை எல்லோருக்கும் தெரிகிற மாதிரித் திருப்பினான். பேனலின் படத்தில் நீளமாக ஒரு கறுப்புப் பட்டை. "இந்தா, இதுதான் நெழலு. பன்னெண்டுல இருந்து ரெண்டரை. பாத்தா சேலை மாதிரி இருக்கு. எவளோ வேணும்னே பண்ணிருக்கான்னா இது போலீஸ் கேசு. பெட்டியக் கழட்டிட்டு விசாரணை முடியிற வரைக்கும் பத்து வள்ளத்தயும் கட்டிப் போட்டுருவாங்க. ஆறு மாசமோ ஒரு வருசமோ. இல்ல, தெரியாம நடந்துச்சுன்னா பெட்டிய அழிச்சு மறுபடி படிக்க வைக்கலாம். யாரு சேலை இது?"

நம்பு குருவம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

"என் சேலைதான்," என்றாள் சேதுக்கனி.

எட்வின் நிமிர்ந்தான். "ஒன்னோடதா? வள்ளத்துக்குப் பொறுப்பே நீதான? எதையும் மேல போடாதன்னு எழுதி ஒட்டியிருக்கே?"

"காயட்டும்னு போட்டேன் அண்ணே. வீட்டுல கொடிக்கு எடமில்ல. இம்புட்டுத் தூரம் ஆகும்னு தெரியாது."

"கூறுகெட்டவளே!" சந்தியாகு எழுந்து வந்தார். கை ஓங்கியது, ஆனால் இறங்கவில்லை. "சேலை காயப்போட்டு என் பொழப்பக் காயப்போட்டுட்டியேடி! இனி எத வச்சுக் கடலுக்குப் போவேன்?"

சேது தலையைக் குனிந்து நின்று கேட்டுக்கொண்டாள். பெண்களும் ஆளுக்கொன்று சொன்னார்கள். குருவம்மாகூடக் காறித் துப்பிவிட்டுப் போனாள். இனி சேது எந்த வள்ளமும் ஓட்ட முடியாது என்று எட்வின் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினான்.

பத்தொன்பது நாள் எதற்காக ஆசைப்பட்டாளோ அது நம்புவின் கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தது. ஒரு சொட்டுக்கூட இனிக்கவில்லை. அதைவிடக் கேவலம், அந்த நேரத்திலும் அவளுக்கு எரிந்தது. திட்டு வாங்குவதில்கூட இவள்தான் முன்னால் நிற்கிறாள். தன் குற்றத்தைக்கூட இவள் எடுத்துக்கொண்டாள்.

ஐந்து மணிக்குப் பக்கத்து வீட்டுப் போனில் ஆஸ்பத்திரியிலிருந்து பஞ்சவர்ணம் பேசினாள். தொடையில் பதினாலு தையல், குரல் மட்டும் பழைய குரல்தான். "எவ என்ன பேசுனாலும் பேசட்டும். சேது சாப்புட்டாளா? அவளத் தனியா விடாத."

*

சேது தனியாகத்தான் இருந்தாள். வள்ளத்துக்குள் மண்டிபோட்டு, தென்னங்கீற்றால் ரத்தத்தைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். நம்பு ஏறி, ஒரு வாளி கடல்தண்ணீர் மொண்டு ஊற்றினாள். இரண்டு பேரும் சேர்ந்து தேய்த்தார்கள்.

"எதுக்குடி ஒன் சேலைன்னு சொன்ன?" என்றாள் நம்பு கடைசியில். "என்னையக் காப்பாத்துன்னு நான் ஒன்ட்ட கேட்டனா?"

"ஒன்னையக் காப்பாத்தவா?" சேது நிமிரவில்லை. "பத்து வள்ளத்தயும் கட்டிப்போட்டா இந்த ஊரு எதத் திங்கும்? பொறாமையில பண்ணுனான்னா கேசு. கூறுகெட்டதனத்துல பண்ணுனான்னா ஒரு நாளு திட்டுவாங்க, அப்புறம் சிரிப்பாங்க. கூறுகெட்டவன்னு பேரு வாங்க ஒருத்தி வேணும்ல. ஒன் பேரச் சொன்னா எவ நம்புவா? நீதான பரீச்சையில பஸ்ட்டு."

நம்பு வாளியைக் கீழே வைத்தாள். தனக்காக இல்லை. இதுகூடத் தனக்காக இல்லை. அவளுக்கு அழுகை வந்தது, எதற்கென்று தெரியவில்லை.

"அப்ப என் மேல ஒனக்குக் கோவமே இல்லையா?"

"சேலைக்கா?" சேது கீற்றைக் கடலில் உதறினாள். "அத மன்னிச்சுருவேன். வயித்தெரிச்சல் யாருக்குத்தான் இல்ல. ஒனக்கு அம்மா இருக்கான்னு எனக்கு இல்லாத வயித்தெரிச்சலா?"

நம்பு அவளைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். சேதுவின் அம்மா கொச்சிப் பக்கம் இறால் கம்பெனிக்குப் போய் நான்கு வருடம் ஆகிறது. போன்கூட வருவதில்லை. இத்தனை நாளும் அது நம்புவுக்குத் தோன்றியதே இல்லை.

சேது கைகளைக் கழுவிக்கொண்டு எழுந்தாள். விளிம்பில் ஒரு காலை வைத்து இறங்கப் போனவள், நின்றாள்.

"நீ மூணு நிமிசம் சும்மா ஒக்காந்திருந்த. நான் இடுப்புல கயிறு கட்டுறத வேடிக்க பாத்துக்கிட்டு இருந்த. சார்ஜ் இருக்குன்னு ஒனக்குத் தெரியும். தள்ளி இருக்கறது பூமயிலுன்னு நெனச்ச, வாயே திறக்கல. ஒங்கம்மான்னு தெரிஞ்சதும் கல்லத் தூக்குன. எல்லாத்தயும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

நம்பு வாளியை மறுபடி கையில் எடுத்தாள்.

"ஒன்னே ஒன்னு மட்டும் சொல்லு," என்றாள் சேதுக்கனி. கோபமாகக்கூடக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "ஓடைவாயில அடிச்சுட்டுப் போனது நானா இருந்தா, அந்தச் சீல நீ ஒடச்சிருப்பியாடி?"